ஆர்எக்ஸ் 100: காரைக்குடிச் சாலைகளுக்கு இன்றும் ஏற்ற வண்டியா?

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 என்னும் டூ ஸ்ட்ரோக் பைக்கைத் தேடி அலைவோர் காரைக்குடியில் இன்றும் உண்டு. இதன் 98 சிசி எஞ்சின் தரும் 11 குதிரைத்திறன் இன்றைய சாதாரண 125 சிசி வண்டிக்குக்கூட உண்டு. எனவே இதன் கவர்ச்சியை அந்த எண்களில் தேடிப் பயனில்லை. எடை ஏறத்தாழ 100 கிலோதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் என்னும் சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரிவதால், கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில் பேருந்தை முந்த இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால், முதலில் சற்றுத் தயங்கும் வண்டி, நடு வேகத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு பாய்கிறது. அந்த நொடிக்காகத்தான் இத்தனை பேர் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சத்தத்துக்காக சைலன்சரின் உட்குழாயைக் கழற்றிவிடும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. புகைப்போக்கியில் திரும்பி வரும் அழுத்த அலைதான் வெளியே நழுவும் எரிகலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அமைப்பைக் குலைத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்காக சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளான போர்ட்டுகளை அராவி, அதற்கேற்ற புகைப்போக்கி பொருத்துவது வேறு கதை. அப்படிச் செய்த எஞ்சின் உயர்சுழற்சியில் மட்டுமே உயிர்பெறும்; செக்காலைச் சாலை நெரிசலில் அதை ஓட்டுவது தண்டனை.

அன்றாட ஓட்டத்தில் குறைகளும் உண்டு. முன்சக்கர டிரம் பிரேக் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகத்தை அதிகம் பிடித்து நிறுத்தாது. எரியாத கலவையில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுவதால் மைலேஜும் சுமார்தான். மாசு விதிகள் இறுகியபோது டூ ஸ்ட்ரோக் பைக்குகள் சந்தையை விட்டு விலகியதற்கும் அதுவே காரணம்.

விலையோ, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் எனாமல் தூக்குக்குச் சொல்வதைப் போல, ஆளைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. வாங்குவோர் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல், ஆர்சி புத்தகத்திலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். எஞ்சினுக்கு எண்ணெய் செலுத்தும் ஆயில் பம்ப்பைத் துண்டித்துவிட்டு, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூ டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டிய வண்டியா என்றும் கேட்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரை எத்தனை முறை உட்புறம் குடைந்து ‘போர்’ செய்திருக்கிறார்கள் என்பதற்கு உரிமையாளர் மழுப்பலாகப் பதில் சொன்னால், கேட்ட விலையில் பாதிக்கு மேல் தருவதற்கு அந்த வண்டியில் ஒன்றுமில்லை.