கர்ணம்: பாட்டா, வர்க்கமூலமா, வெறும் டேப்பா?

பழந்தமிழ்ப் புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரில் இணையத்தில் சுற்றிவரும் பாட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, உயரத்தில் பாதியைச் சேர், கர்ணம், அதாவது செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த நீண்ட பக்கம், வந்துவிடும். இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவே வேண்டாமாம். 4, 3 என்று வைத்தால் 3.5 + 1.5 = 5. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13. அசந்துபோய்ப் பகிர்ந்துவிடுகிறோம்.

இந்த விதி துல்லியமாக விடை தருவது இந்த இரண்டு விகிதங்களுக்கு மட்டும்தான்: 3:4, 5:12. இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் விடை கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. வெளியே போனால் குறையும். 4 மீட்டர் கிடைநீளம், 2 மீட்டர் உயரம் உள்ள கூரைச் சட்டத்துக்குப் பாட்டு 4.5 மீட்டர் என்கிறது, உண்மை 4.47. மரம் வாங்க இது போதும். கூடுதலை அறுத்துக்கொள்ளலாம், குறைந்ததை நீட்ட முடியாதே.

ஏணிக்கு வந்தால் கதை கந்தல். நான்கு மீட்டர் உயரத்தில் சாய்க்க, அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது வழக்கமான பாதுகாப்பு விகிதம். இங்கே பெரிய அளவான உயரத்தைத்தான் பாட்டின் ‘நீளம்’ ஆக்க வேண்டும். அப்படி வைத்தால் ஏணி நீளம் 3.5 + 0.5 = 4 மீட்டர், அதாவது சுவர் உயரமேதான்! வர்க்கமூலம் 4.12 என்கிறது.

மூலை மட்டம் (மூலை சரியாக 90 பாகையா என்று) பார்க்க மட்டும் பாட்டின் பக்கமே போகாதீர்கள். 6 × 6 மீட்டர் அறைக்கு அது தரும் மூலைவிட்டம் 8.25, சரியான அளவு 8.485. குறைந்த அளவுக்கு நூலை இழுத்துக் கட்டினால் மூலை மூன்று பாகைக்கு மேல் சாய்ந்து, சுவரின் மறுமுனை ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் விலகும்.

கைப்பேசியில் வர்க்கமூலம் போடுவதில் தொல்லை கணக்கில் இல்லை, அடி அங்குலத்தில் இருக்கிறது. 30 × 20 அடிக்கு விடை 36.06 அடி. அதை 36 அடி 6 அங்குலம் என்று படிப்பவர்கள் உண்டு, உண்மையில் அந்த .06 அடி முக்கால் அங்குலம்கூட இல்லை. மீட்டரில் அளந்தால் இந்த வம்பே கிடையாது.

மூலைக்கு என் ஓட்டு கணக்கே போடாத வழிக்கு. ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 குறித்து, குறுக்கே 5 வரும்வரை நூலை நகர்த்துவது. இடமிருந்தால் 6-8-10 ஆக்குங்கள். 3-4-5 மீட்டரில் குறுக்களவு 5 மில்லிமீட்டர் பிசகினால் 9 மீட்டர் தள்ளி சுமார் 19 மில்லிமீட்டர் விலகும். 6-8-10இல் அதில் பாதிதான். கையடக்க மூலமட்டத்தை (L வடிவக் கருவி) நம்பி நீளச் சுவருக்கு நூல் பிடிப்பது ஆபத்து என்பதும் இதே காரணத்தால்தான்: அளக்கும் பக்கம் சிறிதானால் பிசகு தூரத்தில் பெரிதாகும்.

நான்கு மூலையும் குறித்தாயிற்றென்றால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். கோணம் பிசகினால் ஒன்று நீளும், மற்றது சுருங்கும். பிழை இரட்டிப்பாகத் தெரியும். டேப்பின் முனைக் கொக்கி தேய்ந்திருந்தாலும் இரண்டிலும் ஒரே பிழைதான், ஒப்பிடும்போது அது அடிபட்டுப்போகும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் குறுகிய சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாக வரலாம்.