சூராவின் ‘பவுடர் பூசும் இளம்பெண்’: ஏ2 பிரதி வாங்கலாமா?

வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் 1889-90 ஓவியமான ‘பவுடர் பூசும் இளம்பெண்’ணின் பிரதியை ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன். தாள் நல்ல கனம், பளபளப்பு இல்லாததால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசவில்லை, குழாயில் மடங்காமல் வந்து சேர்ந்தது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் தாளுக்குத்தான்.

முதல் கோளாறு, ஓவியத்தை வெட்டியிருக்கிறார்கள். மூலம் 95.5க்கு 79.5 செ.மீ., ஏ2 தாள் (59.4க்கு 42 செ.மீ.) விகிதத்தில் அதைவிட ஒடுக்கமானது, தாளின் உயரத்துக்குச் சரியாக நிரப்பினால் பிரதியின் அகலத்தில் 7 செ.மீ. போயே தீரும். வெறும் சுவர் போயிருந்தால் பரவாயில்லை. ஓவியத்தைச் சுற்றி சூரா புள்ளிகளாலேயே ஒரு கரை கட்டியிருந்தார், பக்கவாட்டில் அது காணோம். இடது மேல் மூலையில் பூச்சட்டி தெரியும் சட்டகமும் தாளின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தச் சட்டகத்துக்குள் சூரா முதலில் தன் முகத்தைத்தான் வரைந்திருந்தார், பிறகு பூச்சட்டியால் மறைத்துவிட்டார். எக்ஸ்ரேயும் அகச்சிவப்புப் படமும் எடுத்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம் இது. படத்தில் இருக்கும் பெண்ணின் பெயர் மதலேன் நோப்லோக், சூராவின் காதலி, 1890இல் குழந்தை பிறந்த பிறகும் அவளைப் பற்றி அவர் தன் வீட்டில் மூச்சு விடவில்லை. அவளுடைய அறைக்குள் தானும் இருந்த தடயத்தைத் தானே அழித்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

குட்டி மேஜைக்கு முன்னால் பெரிய உடம்பு, ஆகவே இது கேலிப்படம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் முகத்தைப் பாருங்கள், சிரிப்பும் இல்லை குழைவும் இல்லை, வேலையில் இருக்கிறவளின் முகம். அவள் துகள் துகளாகப் பூசுகிறாள், அவரும் அதையேதான் செய்கிறார்.

அப்புறம் இரண்டாவது கோளாறு. மூலத்தில் கையின் நிழல் பக்கம் நீலப் புள்ளிகளும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், தள்ளி நின்றால் நம் கண்தான் அவற்றைச் சேர்க்கும், அதனால்தான் அந்தத் தோலில் ஒரு மினுமினுப்பு. இந்தப் பிரதியில் அச்சே முந்திக்கொண்டு கலந்துவிட்டது, மிஞ்சியது சாம்பல் பூத்த கை. சின்ன டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கி அடித்திருப்பார்கள் போல.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் 60க்கு 50 செ.மீ. அளவில் கேளுங்கள், மூலத்தின் விகிதம் கிட்டத்தட்ட அதுவே, வெட்ட வேண்டி வராது. பணம் கட்டும் முன் கைப்பகுதியைக் கிட்டத்தில் எடுத்த ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லுங்கள். லண்டன் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, மூலம் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது.