17-லிருந்து 16-க்கு இறங்கிய கதை: ஒரு ஸ்விஃப்ட், மூன்று அளவு டயர்

என் வண்டி 2018 ஜூனில் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். ஷோரூமிலிருந்து வந்தபோது 14 இன்ச் இரும்பு ரிம், அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கப், 165/80 ஆர்14 டயர். ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. பார்க்கத்தான் யானைக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி இருக்கிறது என்று மச்சான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். 2019 மார்ச்சில், 9,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, அவன் பேச்சைக் கேட்டு 17 இன்ச் அலாய் ஏற்றினேன். இன்று மீட்டரில் 85,000. அதில் 35,000 கிலோமீட்டர் 17 இன்ச்சில், கடைசி 41,000 கிலோமீட்டர் 16 இன்ச்சில். கோயம்புத்தூருக்குள் தினமும் அலுவலகம், மாதம் ஒருமுறையாவது பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகக் கோவில்பட்டி. மூன்று அளவையும் ஒரே வண்டியில், பெரும்பாலும் ஒரே சாலைகளில் பார்த்துவிட்டதால் எழுதத் தோன்றியது.

17 இன்ச் போட்டுவிட்ட கடைக்காரர் கணக்கில் தப்புப் பண்ணவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மில்லிமீட்டர். மேலே ஒரு 132, கீழே ஒரு 132, நடுவில் 14 இன்ச் ரிம். கூட்டினால் மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். அவர் போட்டது 205/45 ஆர்17. அதே கணக்கில் 616 வருகிறது. அரை சதவீதம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டருக்குத் தெரியக்கூட தெரியாது. எல்லாம் சரி. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 92 ஆகிவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் அலுமினியம் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. வண்டி அழகாக இருந்தது. பெட்ரோல் பங்கில் இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். போதாதா?

நான்காவது மாதம் முதல் வீக்கம். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போன குழி ஒன்று, மழைக்குப் பிறகு தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. சமதளம் என்று நினைத்து இறக்கினேன். டம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடுகின்றன, அந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. பஞ்சர் மாதிரி இதை ஒட்ட முடியாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். 6,800 ரூபாய்.

2021 பிப்ரவரியில் இரண்டாவது வீக்கம். அதே டயர் அதே கடையில் இல்லை. 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. அதுவரை தாராளமாக வந்துகொண்டிருந்த பக்கச்சுவர் ஒல்லியான 17 இன்ச் டயர்களில் பெரும்பாலானவை இறக்குமதிதான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம் 14 இன்ச் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மெதுவாக ஊருக்குள் சுற்றினேன். கடைசியில் ஒரு கடையில் "வந்துருச்சு சார்" என்று கூப்பிட்டுக் காட்டியதில் 84 என்று சுமை எண் போட்டிருந்தது. அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 500 கிலோ. என் வண்டியின் சொந்த 14 இன்ச் டயரிலேயே 85, அதாவது 515 கிலோ. ஏற்கெனவே போட்டிருந்த 17 இன்ச் டயர்கள் 88 எக்ஸ்எல், அதாவது கூடுதல் எடை தாங்கும் வகை, 560 கிலோ. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் இதத்தான் போடுறாங்க" என்றார். எல்லாரும் போடுவது என்பது ஒரு அளவு இல்லையே. வேறு கடையில் 88 தேடிப் பிடிக்க 9,400 ரூபாய் ஆனது. பேட்டர்ன் வேறு.

இந்த எக்ஸ்எல் விஷயத்தில் நான் பண்ணிய தவறு ஒன்று உண்டு. டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் கம்பெனி கொடுத்த டயருக்கானது. எக்ஸ்எல் டயர் கூடுதல் எடை தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் கூடுதல் காற்று இருந்தால்தான். நான் இரண்டு வருஷம் ஸ்டிக்கரைப் பார்த்து 30 பிஎஸ்ஐ-க்கும் கீழேயே வைத்து ஓட்டினேன். ஒல்லி டயர், அதிலும் காற்றுக் குறைவு. குழியில் ரிம் போய் இடித்ததற்கு மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை.

அப்புறம் அதிர்வு. 90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாக நடுங்கும். மூன்று முறை பேலன்சிங் பார்த்தும் போகவில்லை. வெளியில் வாங்கும் அலாய்கள் பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்துச் செய்கிறார்கள். ஸ்விஃப்ட்டின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு ஓட்டை போய் உட்காரும் குமிழ், 54.1 மில்லிமீட்டர். என் அலாயின் ஓட்டை 73.1. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் ஹப் ரிங் போட வேண்டும். எனக்குப் போடவே இல்லை. சக்கரம் நான்கு நட்டுகளின் தயவில் மட்டும் உட்கார்ந்து, மயிரிழை அளவுக்கு நடு விலகிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வளையம் ஒன்று 150 ரூபாய். போட்ட அன்றே நடுக்கம் நின்றது. அலாய் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே கடையில் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். இரவு பதினோரு மணி, காய்கறி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் நேரம், முன் டயரில் ஆணி. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. வண்டியோடு வந்த ஸ்பேனர் அலாயின் ஒடுங்கிய நட்டு ஓட்டைக்குள் நுழையவில்லை. அதற்கென்று கடையில் கொடுத்த மெல்லிய சாக்கெட் கோயம்புத்தூரில் என் வீட்டு மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. ஒரு லாரி டிரைவர் அண்ணன் தன் டூல்ஸ் பெட்டியைக் கொட்டித் தேடி, பொருந்துகிற ஒன்றை எடுத்துக் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த சாக்கெட் ஸ்டெப்னிக்கு அடியிலேயே இருக்கிறது.

2022 டிசம்பரில் முன்டயர் இரண்டும் தேய்மானக் கோட்டுக்கு வந்துவிட்டன. பட்டன்களுக்கு நடுப்பள்ளத்தில் சின்ன மேடு மாதிரி இருக்குமே, அதுதான். 1.6 மில்லிமீட்டர் மிச்சம் என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டினால் மொட்டை டயர், மழையில் உயிரோடு விளையாட்டு. பின்னால் ஒன்றில் மறுபடி வீக்கம். ஆக மூன்று டயர் வேண்டும். எந்தப் பிராண்ட் வாங்கலாம் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பொள்ளாச்சி சாலையில் ஒரு பழைய டயர் கடை, அங்கே இருந்த பெரியவர் டயரைப் பார்க்கக்கூட இல்லை. ரிம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இதுல எந்த டயரப் போட்டாலும் இதேதானுங்க. ரிம்ம மாத்தீட்டு அப்பறம் டயரப் பத்திப் பேசலாம்" என்றார். பிறகு உள்ளே போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். வியாபாரம் பண்ணுகிற ஆளாகவே தெரியவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் யாரும் சொல்லாத விஷயத்தை அவர்தான் சொன்னார். நான் டயர் தேர்ந்தெடுத்தது 2019-ல், அந்த அலாயை வாங்கிய அன்றைக்கே. அதற்குப் பிறகு கடை கடையாக ஏறி இறங்கியதெல்லாம் மிச்சம் மீதியில் பொறுக்கியதுதான்.

நியாயமாகப் பார்த்தால் 15 இன்ச்சுக்கு வந்திருக்க வேண்டும். இதே ஸ்விஃப்ட்டின் உயர்ந்த மாடலுக்கு மாருதியே கொடுக்கும் அளவு 185/65 ஆர்15. பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர், விலையும் குறைவு. இன்ஷூரன்ஸ் ஆளிடமோ வேறு யாரிடமோ விளக்கம் சொல்லும் வேலை இருந்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி அளவிலிருந்து மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது, அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. 17-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 15 சிறியதாகத் தெரிந்தது. 16-ல் நின்றேன்.

16-ல் 195/55 ஆர்16 எடுத்ததற்கு ஒரு உருப்படியான காரணம் இருந்தது. பலேனோ, ஐ20 இரண்டின் மேல் மாடல்களிலும் கம்பெனியே போடும் அளவு இது. அதனால் எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிரிட்ஜ்ஸ்டோன், மிஷலின் என்று எல்லாருமே செய்கிறார்கள். எந்த ஊரில் டயர் போனாலும் அந்த ஊரிலேயே கிடைக்கும். பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர், மொத்த உயரம் 621, சொந்த டயரோடு ஒரு மில்லிமீட்டர்தான் பேதம். சுமை எண் 87, அதாவது 545 கிலோ. அலாய் நான்கும் 30,000 ரூபாய், ஹப் ரிங்கோடு. டயர் ஒன்று 6,900. பழைய 17 இன்ச் ரிம்களை 16,000-க்கு விற்றேன். வாங்கியது யார் என்று கேட்காதீர்கள், மச்சான்தான்.

என்ன டயர் போட்டேன் என்ற பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பேச்சு உடனே பிராண்டுக்குப் போய்விடும். மேலே சொன்ன வரிசையில் நடுத்தர விலையில் ஒன்று. வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியை மட்டும் கறாராகப் பார்த்தேன். 4122 என்றிருந்தது. 2022-ஆம் ஆண்டின் 41-ஆவது வாரம், அதாவது இரண்டு மாதப் பழசு. முதலில் எடுத்து வந்த ஜோடி 2021 சரக்கு. திருப்பி அனுப்பினேன்.

41,000 கிலோமீட்டரில் ஒரு வீக்கம்கூட இல்லை. குழிகள் அப்படியேதான் இருக்கின்றன, நானும் பெரிதாகத் திருந்திவிடவில்லை. இரண்டு பஞ்சர், இரண்டும் ஆணி. மைலேஜ் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் 14 இன்ச்சில் 17.5, 17 இன்ச்சில் 15.8, இப்போது 16.8. எடைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆர்வக்கோளாறில் மூன்று சக்கரத்தையும் பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டயரோடு சேர்த்து 14 இன்ச் 13.5 கிலோ, 17 இன்ச் 18.8, 16 இன்ச் 16.4. மூலைக்கு ஐந்து கிலோ கூடுதலாகச் சுழற்றிக்கொண்டு போனால் இன்ஜின் வேறு என்ன செய்யும்?

மழையில் திருப்தி. போன ஜூலையில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் விடாத மழையில் ஏறி இறங்கினேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. வளைவுகளில் 17-க்கு இருந்த அந்த விறைப்பான திருப்பம் இதில் இல்லை, அதைக் கொஞ்சம் இழந்ததாகவே உணர்கிறேன். பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு அந்தக் கவலை கிடையாது. "இப்பத்தான் முதுகு வலிக்கல" என்றார்.

குறைகள் இல்லாமல் இல்லை. 25,000 கிலோமீட்டருக்குப் பிறகு சிமென்ட் சாலையில் இரைச்சல் கூடிவிட்டது, 80-க்கு மேல் பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. முன் இடது டயர் 12,000-லேயே உள்விளிம்பில் தேய ஆரம்பித்தது. அது டயரின் குற்றம் இல்லை, அலைன்மென்ட் விலகியிருந்தது. அன்றிலிருந்து 7,500-க்கு ஒருமுறை அலைன்மென்ட்டும் முன்பின் மாற்றலும். காற்று நான்கிலும் 33, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு, சொந்தக் கேஜில். கோவில்பட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடி நின்ற டயரில் அளந்தால் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து பங்கில் காற்றை இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் குறைவான காற்றோடு கிளம்பிய அனுபவமும் உண்டு. நைட்ரஜன் இலவசமாகக் கொடுத்தால் பிடிப்பேன், காசு கொடுத்துப் பிடிப்பதில்லை.

போன வாரம் அளந்தபோது முன்னால் 3.6 மில்லிமீட்டர், பின்னால் 4.3 மிச்சம் இருந்தது. இந்த வடகிழக்குப் பருவமழை தாண்டிவிடும், அடுத்த மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அதனால் கொஞ்சம் மிச்சமாகும். அளந்து முடித்துவிட்டுச் சும்மா ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தேன். 14 இன்ச், பட்டன் புத்தம்புதுசு மாதிரி, தேய்மானமே இல்லை. தேதி 1718 என்றிருந்தது. ஏழரை வருஷப் பழசு. பக்கச்சுவரில் நகத்தை வைத்தால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்பட்டன. பொள்ளாச்சி சாலைப் பெரியவரிடம் 165/80 ஆர்14 ஒன்று, இந்த வருஷத் தேதியில், எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.