தேனீப் பெட்டிப் பட்டறைக்கு எது உதவும்: விளம்பரமா, கட்டுரையா?

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீப் பெட்டி செய்து விற்கும் பட்டறைகளுக்கு உள்ளூரில் அறிமுகம் தேவையில்லை, ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலந்தொட்டே ஊருக்குத் தேனீ வளர்ப்பில் பெயர் உண்டு. மாவட்டத்துக்கு வெளியே விற்க நினைக்கும்போதுதான் வேளாண் இதழ்களை நாட வேண்டியிருக்கிறது. அப்போது காசு கொடுத்து விளம்பரம் போடுவதா, வாசகருக்குப் பயன்படும் கட்டுரையை எழுதி அனுப்புவதா என்ற கேள்வி எழுகிறது.

விளம்பரத்தின் பலம், அது வெளிவரும் மாதத்தை நாமே முடிவு செய்யலாம் என்பது. நம் பகுதியில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே தேனுக்கு ஆதாரம். அதற்கு முன்பே தேனீக் கூட்டங்களைப் பிரித்துப் பெருக்க வேண்டுமாதலால், பெட்டி வாங்குபவர் செப்டம்பர், அக்டோபரிலேயே விசாரிக்கத் தொடங்குவார். கட்டுரையோ ஆசிரியர் குழுவுக்கு இடம் கிடைக்கும்போதுதான் வரும். நான் ஆகஸ்டில் எழுதிக் கொடுத்த ஒரு கட்டுரை மார்ச்சில்தான் அச்சேறியது. பெட்டிகளெல்லாம் அதற்குள் தோட்டங்களில் தேன் நிறைந்து நின்றன.

அப்படியிருந்தும் என் சாய்வு கட்டுரையின் பக்கமே. கால் பக்க விளம்பரத்தில் ‘தரமான பெட்டி’ என்பதற்கு மேல் சொல்ல இடமில்லை. அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். பதம் வராத பலகையில் செய்த பெட்டி மழைக்காலத்தில் எப்படி முறுக்கிக்கொள்கிறது, அடை தாங்கும் மரச்சட்டங்களுக்கிடையே இடைவெளி கூடினால் தேனீக்கள் குறுக்கே அடை கட்டி எப்படிச் சட்டத்தை உருவ விடாமல் செய்கின்றன, பெட்டித் தாங்கியின் கால்களில் நீர்க்கிண்ணம் வைக்காவிட்டால் எறும்பு எந்த வழியாக ஏறுகிறது என்பதை விளக்கும் கட்டுரையோ, எழுதியவரின் கைத்திறனை அவர் தன்னைப் புகழாமலேயே காட்டிவிடும். கட்டுரைக்குள் நிறுவனத்தின் பெயரைத் திணித்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். முடிவில் ஊரும் தொலைபேசி எண்ணும் வந்தால் போதும். (படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், மின்னஞ்சலில் மூலப் படத்தையே அனுப்புங்கள்.)

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வடிவில் போடும் விளம்பரம் மூன்றாவது வழி. விளம்பரச் செலவும் ஆகும், கட்டுரையின் நம்பகமும் கிடைக்காது.

எந்த இதழ் என்பதிலும் யோசனை வேண்டும். பசுமை விகடன் பரவலான விவசாயிகளைச் சென்றடையும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ செய்முறைக் கட்டுரைக்குப் பொருத்தமானது. நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது ரப்பர் வாரியத்தின் மலையாள மாத இதழை: பெட்டி வைக்க இடம் கொடுக்கும் தோட்டக்காரரே அதன் வாசகர், மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு வட்டத்தில் மலையாளம் எழுதத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. எதில் விளம்பரம் செய்தாலும் ஏபிசி (பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்யும் அமைப்பு) விற்பனைச் சான்று உண்டா என்றும், இல்லையேல் சந்தாப் பிரதி எத்தனை, இலவசப் பிரதி எத்தனை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அச்சு விளம்பரத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

ஆகவே நான் பட்டறைக்காரர்களிடம் கட்டுரையைக் கோடையிலேயே அனுப்பிவிட்டு, செப்டம்பர் இதழுக்கு மட்டும் சிறு விளம்பரம் கொடுக்கச் சொல்கிறேன். ஒருமுறை மெய்ப்பு (அச்சுக்கு முன் திருத்த அனுப்பும் மாதிரிப் படி) பார்க்காமல் விட்டதால், விளம்பரத்தில் எங்கள் எண்ணின் கடைசி இலக்கம் மாறி, யாரோ ஒருவருக்கு மாதம் முழுவதும் தேனீப் பெட்டி விசாரணைகள் போயின. அன்றிலிருந்து மெய்ப்பில் உள்ள எண்ணை அப்படியே அழுத்திப் பார்த்து, பட்டறையில் மணி அடித்த பிறகே ஒப்புதல் அனுப்புகிறேன்.