மலைநாட்டு வீட்டுச் சுவருக்கு எந்த மியூரல்: ஸ்டிக்கரா, பசையில் ஒட்டுவதா, வரைவதா?

ஹாலில் மியூரல், அதாவது ஒரு சுவர் முழுக்கப் படம், போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் படத்தைத்தான் தேடுகிறார்கள். நம்ம பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது சுவரை. கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் அழகாக நிற்கிற அதே மியூரல், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில், வாரக்கணக்கில் வெயில் படாத சுவரிலும் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதனால் காசு கொடுக்க முன்னம் இதைச் செய்யுங்கள்: ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் நீர் கோர்த்திருந்தால் அது சமையல் ஆவியும் நம் மூச்சும் குளிர்ந்து படிவது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். மண்மேட்டை வெட்டிக் கட்டின வீடு என்றால், மேட்டுப் பக்கச் சுவரை அடியோடு மறந்துவிடுங்கள். வேறு சுவரைப் பாருங்கள்.

பின்தாளை உரித்து ஒட்டுகிற வினைல் ஸ்டிக்கரைத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள், ஏனென்றால் பசை வேண்டாம், வாளி வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும். வாடகை வீட்டுக்கும், நன்றாகக் காய்ந்த வழவழப்பான சுவருக்கும் அது போதும். ஆனால் வினைல் மூச்சு விடாது. தலவாக்கலையில் சித்தப்பா வீட்டு ஹாலில் ஒட்டியிருந்த கடற்கரைப் படத்தின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன்: மலிவான மெட் பெயின்ட் செதிள் செதிளாக ஸ்டிக்கரோடு வந்தது, அதற்குப் பின்னால் சுவரில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் பூஞ்சணம், விரல் வைத்தால் பிசுபிசுப்பு. வெளியே படம் அப்போதும் புதிதாகத்தான் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயம், உள்ளே நடப்பது வெளியே தெரியாது, அந்த அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

என் தெரிவு நொன்-வோவன் மியூரல், அதாவது நெய்யாத இழைத் தாளில் அச்சடித்தது, பசையைத் தாளில் தடவாமல் சுவரில் தடவி ஒட்டுகிற வகை. பழைய தாள் வகை பசையில் ஊறி அகலும், ஊறுகிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் துண்டும் துண்டும் சேருகிற இணைப்பு பிசகும், முதல் தடவைக்காரருக்கு அது வேண்டாம். நொன்-வோவன் நனைந்தாலும் நீளாது, ஈரத்தையும் ஓரளவு வெளியே விடும். பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்ந்த பசையாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் இருக்கிற நிறம் தெரியக்கூடும் என்பதால் சுவர் முழுக்க ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். அளவெடுக்கும்போது உயரத்திலும் அகலத்திலும் 10 சென்ரிமீற்றர் கூட்டிக் கொடுங்கள், நம் வீடுகளில் எந்த மூலையும் சரியான மூலை கிடையாது. அதனால்தான் முதல் துண்டை மூலையைப் பார்த்து ஒட்டக்கூடாது, மேசன் பாஸிடம் தூக்குக் குண்டை வாங்கிச் செங்குத்தாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு ஒட்டுங்கள். அது சாய்ந்தால் அடுத்தடுத்த துண்டுகள் எல்லாம் சாயும். துண்டுகளை இலக்கப்படி தரையில் பரப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள், ஸ்விட்ச் இருக்கிற இடத்தில் வெட்ட முன்னம் மெயினை ஓஃப் செய்யுங்கள். பிளேட்டை அடிக்கடி மாற்ற வேண்டும், மழுங்கினால் நனைந்த தாள் கிழியும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிக் கொடுத்த 550 சதுர அடி வீடுகளுக்கு இதுவே சரி, புதுப் பூச்சு என்றால் குறைந்தது ஒரு மாதம் காய்ந்த பிறகு.

பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறை, வேறு கதை. கருங்கல் சுவர், மேடு பள்ளமான பூச்சு, எதை ஒட்டினாலும் நிற்காது. அங்கே துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் ஒரு விரலளவு இடைவெளி விட்டு மாட்டுங்கள். காற்று ஓடும், மழைக்காலத்தில் கழற்றிப் பின்பக்கம் துடைக்கலாம். இல்லாவிட்டால் வரைய வையுங்கள். கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவைக் குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டில் வரைந்த சுவரோவியங்களை இன்றைக்கும் பார்க்கலாம். நம் ஊர்களில் கோயில் சுவரில் வரைகிற கைகள் இருக்கின்றன, கூலி கூடத்தான், ஆனால் ஒரு இடம் கெட்டால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம், ஒட்டின படத்தில் அது நடக்காது.

எதை எடுத்தாலும் காலம் பார்த்துச் செய்யுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. ஒட்டி முடிந்ததும் அவசரப்பட்டு ஹீட்டரைப் பக்கத்தில் வைக்க வேண்டாம், வேகமாகக் காய்ந்தால் இணைப்புகள் விரிந்துவிடும். இரண்டு நாள் தானாகக் காயட்டும்.