புது டபுள் கெப்பில் ஒட்டோ கியர் உதைப்பு: திருகோணமலை வீதிகளில் பத்து கியரும் ஆறு கியரும்

2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு திருகோணமலையிலும் புது டபுள் கெப்புகள் கண்ணில் படத் தொடங்கிவிட்டன. அவற்றில் ஒட்டோ கியர் வண்டிகளுக்குக் குறைவில்லை. வருடக்கணக்காக மனுவல் ஓட்டிப் பழகியவர் வண்டியை எடுத்த முதல் கிழமையிலேயே சொல்வது இதுதான்: "புது வண்டி, கியர் மாறக்குள்ள உதைக்குது." விற்றவரின் பதிலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "ஓட ஓடச் சரியாகிடும்." பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி உத்தரவாதக் காலத்தைக் கடத்திவிடக் கூடாது.

இங்கே ஒப்பிடுவது இரண்டு கியர் பெட்டிகளை. ஒன்று ஃபோர்ட் ரேஞ்சர் 2.0 பை-டர்போவில் வரும் 10 கியர் பெட்டி. மற்றது டொயோட்டா ஹைலக்ஸ் 2.8-இல் வரும் 6 கியர் பெட்டி. இரண்டு எஞ்சினுக்கும் உச்ச முறுக்குவிசை 500 நியூட்டன் மீற்றர் என்பதால் எஞ்சினைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கந்தளாய் தாண்டிக் கொழும்புப் பக்கம் அடிக்கடி போய்வருபவருக்குப் பத்து கியர் நல்லது. டவுனுக்குள் ஊர்வது, கடற்கரை மணல், படகு இழுப்பது என்றால் ஆறு கியர்தான் தலையிடி குறைவு.

காரணம் கியர் விகிதங்களில் இருக்கிறது, அதாவது பெட்டியின் வெளித்தண்டு ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதில். ஹைலக்ஸில் 3.600, 2.090, 1.488, 1.000, 0.687, 0.580. முதல் கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் மாறினால் இரண்டாவதில் எஞ்சின் 1,450-க்கு இறங்கும். பெரிய இறக்கம், அதனால் அந்த ஒரு மாற்றம் உடம்பில் தெரியும். ரேஞ்சரில் 4.696, 2.985, 2.146, 1.769, 1.520, 1.275, 1.000, 0.854, 0.689, 0.636. அதே 2,500 இங்கே 1,590-க்குத்தான் இறங்கும். மூன்றிலிருந்து ஆறு வரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் 14 முதல் 18 சதவீதம்தான் குறைகிறது. தாளில் பார்த்தால் பத்து கியர்தான் மென்மையாக இருக்க வேண்டும்.

வீதியில் அப்படி இல்லை. பத்து கியர் பெட்டிக்குள் ஆறு கிளச் தொகுதிகள். எந்தக் கியரிலும் நான்கு பிடித்திருக்கும், இரண்டு விட்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று விடுவதும் இன்னொன்று பிடிப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பிடிக்கும் கிளச்சுக்குள் ஒயில் நிறைய எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பதைப் பெட்டியின் கணினி ஓடி ஓடித்தான் கற்கிறது. முந்திப் பிடித்தால் உதைக்கும். பிந்திப் பிடித்தால் எஞ்சின் ஒரு கணம் வீறிட்டு, பிறகு இடிக்கும். மாற்றங்கள் கூட என்பதால் கற்க வேண்டியதும் கூட. முதல் 1,000, 1,500 கிலோமீற்றரில் வரும் இலேசான உதைப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான், அதில் பிழையில்லை.

வாங்க முன் ஓட்டிப் பார்க்க இந்த ஊரில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் பக்கம் ஏறும் பாதையை விட நல்ல இடம் கிடையாது. ஏற்றம், வளைவு, நடந்து போகும் சனம், குறுக்கே நிற்கும் மான்கள். மான் ஹோனுக்கு அசையாது, அதுவும் சோதனைக்கு நல்லதுதான். 15, 20 கிலோமீற்றர் வேகத்தில் காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறையும்போது மீண்டும் மெதுவாக அழுத்துங்கள். பத்து கியர் பெட்டி அப்போது மூன்றிலிருந்து இரண்டுக்கோ ஒன்றுக்கோ இறங்கிக்கொண்டிருக்கும். பாதி வழியில் நீங்கள் மனதை மாற்றியதும் விட்ட கிளச்சைத் திரும்பப் பிடிக்கப் போய் ஒரு உதை விழும். ஆறு கியரில் இது அரிது, இரண்டாவதிலேயே அது பொறுமையாக நிற்கும். காலை எடுத்த பின் அரை விநாடி விட்டு அழுத்தினால் ரேஞ்சரிலும் பெரும்பாலும் போய்விடும். கியர் லிவரில் உள்ள கழித்தல் பொத்தானால் மேல் கியர்களை அடைத்துவிட்டு ஏறினால் இன்னும் நல்லது. ஹைலக்ஸில் அதே வேலையை எஸ் நிலை செய்யும்.

ஏற்றத்தில் நிறுத்தும்போது பலர் செய்வது பிரேக்கை மிதித்து நேரே பி-க்கு (பார்க்) தள்ளிவிட்டுக் காலை எடுப்பது. வண்டியின் முழுப் பாரமும் பெட்டிக்குள் உள்ள ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். பிறகு பி-இலிருந்து எடுக்கும்போது "டொங்" என்று அடிக்கும், அதற்கும் கியர் பெட்டிதான் திட்டு வாங்கும். முதலில் பிரேக், பிறகு என் (நியூட்ரல்), பிறகு ஹான்ட் பிரேக், காலை எடுத்து வண்டியைப் படியவிட்டு, மீண்டும் பிரேக் மிதித்துப் பி. இந்த ஒழுங்கில் செய்தால் அந்தச் சத்தம் வராது.

அடுத்த சோதனை உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியில். நேர் வீதி, தட்டை. 60, 70-இல் காலை அசைக்காமல் இலேசாகப் பிடித்து ஓடுங்கள். கோடு போட்ட வீதியில் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்து, சுற்று முள் 50, 100 ஏறி இறங்கினால், இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமல் தட்டிப் பாருங்கள். பின்னால் வாகனம் வராத நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். தட்டியதும் டோர்க் கன்வேர்ட்டரின் (எஞ்சினையும் பெட்டியையும் ஒயில் வழியாக இணைக்கும் பாகம்) லொக், அதாவது இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லொக்-அப் கிளச், விடும், சுற்று கொஞ்சம் ஏறும். நடுக்கமும் அந்தக் கணமே நின்றால் குற்றம் லொக்-அப் கிளச்சில் அல்லது ஒயிலில். நிற்காமல் தொடர்ந்தால் சில்லு பலன்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். புது வண்டியில் லொக்-அப் நடுக்கம் ஓட ஓடச் சரியாகும் விசயம் இல்லை.

ஓட ஓடச் சரியாகாதவை இன்னும் உண்டு. என்-இலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ போட்டால் ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் பிடிக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் யோசித்துவிட்டு இடித்துப் பிடித்தால் ஒயில் குறைவு, அல்லது உள்ளே அழுத்தம் எங்கோ கசிகிறது. சூடான வண்டியில், மெதுவாக ஓட்டும்போது, இரண்டு கியருக்கு நடுவில் சுற்று 300-க்கு மேல் எகிறினால் கிளச் வழுக்குகிறது. ஒரே கியர் மாற்றம், ஒரே வேகம், ஒவ்வொரு தடவையும் அதே உதை என்றாலும் கற்றல் அங்கே எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் காத்திருக்காமல் முகவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ரேஞ்சரில் உள்ள பெட்டி அமெரிக்காவில் எஃப்-150-இலும் வந்தது. முரட்டு மாற்றத்துக்காக அங்கே 2019-இலேயே வழக்குப் போட்டார்கள். ஆறு கிளச்சுகளில் சி, டி, எஃப் எனப்படும் மூன்றும் அமர்ந்திருக்கும் டிரம்மில் உள்ள புஷ் (உள்வளையம்) நகர்ந்து அழுத்தம் கசிவது அதில் பேர்போன குறை. பின்னர் அந்த டிரம்மை மாற்றி வடிவமைத்தார்கள். பாவித்த ரேஞ்சர் பார்ப்பவர் உற்பத்தி ஆண்டையும், பெட்டி எப்போதாவது கழற்றப்பட்டதா என்பதையும் கேட்க இதுவே காரணம்.

கியர் பெட்டி செய்யாத குற்றங்களையும் சொல்ல வேண்டும். நிறுத்தி ஒரு கணம் கழித்துப் பின்னாலிருந்து யாரோ இலேசாக இடித்த மாதிரி "டொக்" என்றால், பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வழுக்கு முனையில் கிறீஸ் காய்ந்திருக்கும், அல்லது பின் அச்சு வில்லுத் தகட்டில் முறுக்கி விடும். கிறீஸ் நிப்பிள் உள்ள வண்டியில் நான்கைந்து பம்ப் அடித்தால் அன்றைக்கே தெரியும். மணலில் 4எச் (நான்கு சில்லும் இழுக்கும் நிலை) போட்டுவிட்டுத் தார் வீதியிலும் அதிலேயே வருபவர்கள் உண்டு. வளைவில் வண்டி திணறி உதைக்கும், அது கியர் மாற்றம் அல்ல. 2எச்-க்கு (பின் சில்லு மட்டும்) மாற்றினால் முடிந்தது. ரேஞ்சரின் இழுவை மோட், ஹைலக்ஸின் பவர் மோட் இரண்டிலும் மாற்றங்கள் பிந்தியும் அழுத்தமாகவும் வரும். சும்மா பொத்தான் அழுத்துப்பட்டுக் கிடந்து, கராஜ் வரை போய்த் திரும்பும் வண்டிகளும் இருக்கின்றன.

கமரா, லைட், அலாரம் பூட்டும்போது பெற்றரியைக் கழற்றினால் சில வண்டிகளில் கற்றது அழிந்துபோகும். பிறகு மீண்டும் கற்பிக்க வேண்டும். ஸ்கேனரில் பெட்டி ஒயில் 80 பாகை தாண்டிய பிறகு தொடங்குங்கள். நின்ற நிலையிலிருந்து அக்சிலரேற்றரை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தாமல் 60, 70 வரை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு, கடைசியில் மட்டும் மெல்லிய பிரேக்கில் நிறுத்தி, டி-இலேயே ஐந்தாறு விநாடி நிற்க வேண்டும். இப்படி ஆறேழு தடவை. பிறகு பாதி அழுத்தத்தில் மூன்று நான்கு தடவை. சாம்பல்தீவுக்கு அப்பால் விடியற்காலையில் இதைச் செய்ய இடம் இருக்கும். பள்ளிக்கூட நேரத்தில் உள்துறைமுக வீதியில் செய்தால் அது நெரிசலைத்தான் கற்றுக்கொள்ளும். பத்து கியர் பெட்டி கியர்களைத் தாண்டியும் போகும் என்பதால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒயில் விசயத்தில் கராஜ்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் அங்கே விட வேண்டாம். ரேஞ்சர் 10 கியருக்கு மெர்கொன் யூஎல்வி. மெர்கொன் எல்வி அதை விடத் தடிப்பு, மாற்றி ஊற்ற முடியாது. ஹைலக்ஸுக்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ். அளவு பார்ப்பதும் ஒரே மாதிரி இல்லை. டொயோட்டாவில் ஒயில் 40 பாகையை ஒட்டி இருக்கும்போது, எஞ்சின் ஓட, கீழே உள்ள வழிவுத் துளையில் சொட்டு விழுவதைப் பார்க்க வேண்டும். ரேஞ்சர் பெட்டியில் ஒயில் நன்றாகச் சூடேறிய பிறகு, பெட்டியிலேயே உள்ள மூடியின் கம்பியில் பார்க்க வேண்டும். டொயோட்டாவை ஒயில் சூடாக இருக்கும்போது அளந்து நிரப்பினால் குறைவாகவே நிற்கும். குறைந்த ஒயில் வளைவிலும் ஏற்றத்திலும் பம்ப்புக்குக் காற்றைக் கொடுக்கும், உடனே உதைப்பு. கீழே கழற்றினால் மொத்த ஒயிலில் பாதி கூட வராது. ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்ற பேச்சு கச்சான் காற்றடிக்கும் ஊருக்குப் பொருந்தாது. பாரம், மணல், டிரெய்லர் உள்ள வண்டிக்கு 60,000 கிலோமீற்றரில் ஒரு மாற்றம் என்பது எங்கள் கணக்கு.

மணலில் பெட்டியை எரிப்பது டோர்க் கன்வேர்ட்டரின் வழுக்கல். டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, 4எல் (நான்கு சில்லும் குறைந்த வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டால் வழுக்கல் குறையும். ஒயில் 120 பாகையைத் தொட்டால் எஞ்சினை நிறுத்தாதீர்கள். என்-இல் போட்டு 1,200, 1,500 சுற்றில் சில நிமிடம் விட்டால் பம்ப் ஒயிலைக் கூலருக்குள் ஓட்டிக் குளிர்த்துவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் முன்னால் உள்ள கூலரின் தகடுகளில் உப்பும் மணலும் படியும், நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். பிரஷர் வோஷ் அடித்தால் தகடு மடியும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் ஓடிய வண்டியில் ஒயில் பால் கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் தண்ணீர் போய்விட்டது. ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துச் செல்லுங்கள்.

கந்தளாய் வழியாகக் கொழும்புப் பக்கம் போகும் ஏ6 வீதியில் ரேஞ்சர் தன் காசுக்கு வேலை செய்கிறது. லொறியை முந்த அழுத்தினால் நான்கைந்து கியரை ஒரேயடியாக இறக்கிப் பிடிக்கும், அந்த இடத்தில் ஹைலக்ஸ் ஒரு மூச்சு பிந்தும். ஆனால் 70-இல் ஏழாவதில் எஞ்சின் 1,800 அளவில் சுற்றினால் பத்தாவதில் 1,150 கூட வராது. டீசல் எஞ்சின் அங்கே இழுக்காது. அதனால் இந்தப் பக்கத்து வீதிகளில் கடைசி இரண்டு கியரும் பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான்.

திருத்த வேலைக்கு வருவோம். கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு தூரம். வெறுங்கையோடு திரும்புவதற்கு அது அதிகம். ஜொப் கார்ட்டில் "கியர் உதைக்குது" என்று எழுதவிடாதீர்கள். "மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது, 18 கிலோமீற்றரில், ஒயில் 85 பாகையில், பிரேக் மிதித்தபடி" என்று எழுதுவியுங்கள். மென்பொருளின் தற்போதைய பதிப்பு எது, புதியது இருக்கிறதா என்று கேட்டு இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள். ரேஞ்சரில் வால்வ் பொடியை (கிளச்சுகளுக்கு ஒயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மாற்றினால் அதன் குறியீட்டைக் கணினியில் ஏற்றினார்களா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஏற்றாமல் விட்டால் முந்தியதை விட மோசமாக உதைக்கும். மெக்கானிக்கைப் பக்கத்தில் இருத்தி நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அங்கே நிற்கும் அதே மொடல் இன்னொரு வண்டியை அதே வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே உதைத்தால் மென்பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உதைக்காவிட்டால் உங்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.