கிசோவா, குமானோவா?

ஜப்பானில் மூன்று நாள் மலைப்பாதையில் ஓடலாம் என்று கிளம்பினால், கிசோ பள்ளத்தாக்கு வழியே போகும் பழைய நெடுஞ்சாலையான நாகசெந்தோவா, குமானோ சன்னதிகளுக்குப் போகும் யாத்திரைப் பாதையான குமானோ கோதோவா என்ற கேள்வி வரும்.

பழைய ஊர்களுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நாகசெந்தோதான். எதோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த இந்தச் சாலையில் வழிப்போக்கர் தங்கிய 69 ஊர்களில் 11 கிசோ பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான த்சுமாகோவில் மின்கம்பிகளைக்கூடக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார்கள். மாகோமேயிலிருந்து அங்கே 8 கி.மீ.தான், வழியில் கரடிகளை விரட்டத் தொங்கவிட்ட மணிகளை அடித்துக்கொண்டே ஓடலாம். இன்னொரு ஊரான நாராய் போக 1,197 மீட்டர் உயரத் தோரீ கணவாயைத் தாண்ட வேண்டும். குறை ஒன்று உண்டு: நடுநடுவே தார்ச்சாலை. அலுத்தால் பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது, ஏறிக்கொள்ளலாம். நான் ஏறிவிடுவேன், வெட்கமில்லை.

குமானோவின் நாகாஹெச்சி பாதை காலுக்கான சோதனை. தகிஜிரியிலிருந்து ஹொங்கூ சன்னதிக்கு 38 கி.மீ. அப்புறம் நாச்சி சன்னதிக்குப் போகும் வழியில் தோகிரி ஏற்றம்: 5 கி.மீ.க்குள் சுமார் 800 மீட்டர். மழை பெய்தால் பாசி படிந்த கற்படிகளில் ஓட்டமெல்லாம் கிடையாது, நடைதான். சிக்காத்சுயு போன்ற ஊர்கள் சின்னவை; இங்கே காடுதான் எல்லாம்.

இரண்டிலும் பையை அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடும் வசதி உண்டு. முதல் பயணத்துக்குக் கிசோ. முட்டி ஒத்துழைத்தால் அடுத்த முறை குமானோ.